அம்மாவின் கேப்சூலும் சித்தப்பாவின் மாத்திரையும்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, வணக்கம். நான் பாம்பனை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். உயிர்வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். என் அம்மாவுக்கு 54 வயது. சிறு வயதிலிருந்தே கடல்பாசி எடுக்கப் போகிறவர். ஓராண்டாக அவருக்குத் தொடையிலும் இடுப்பிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறார், வத்தையில் (சிறு படகில்) ஏறுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பரிசோதனையில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி 11 நானோகிராம் என்று வந்தது. வேறோர் ஆய்வகத்தில் 1,25-டைஹைட்ராக்சி வைட்டமின் டி பார்த்தோம். அது 58 பிகோகிராம், குறைவே இல்லை என்றார்கள். பாராதைராய்டு ஹார்மோன் 96, கால்சியம் 8.9, பாஸ்பரஸ் 2.6, கிரியாட்டினின் 0.8. மருத்துவர் வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் கேப்சூல் எழுதித் தந்திருக்கிறார். சிறுநீரக நோய் உள்ள என் சித்தப்பாவோ தினமும் 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியால் சாப்பிடுகிறார். அதுதான் நேரடியாக வேலை செய்யும் வைட்டமின் டி என்கிறார்கள். அப்படியானால் அம்மாவுக்கும் அதையே கொடுக்கலாமா? 6 லட்சம் யூனிட் ஊசியை ஒரே முறையாகப் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம் என்கிறார் அத்தை. நாள் முழுதும் வெயிலில் நிற்பவருக்கு இந்தச் சத்து எப்படிக் குறையும்? ஓர் அளவு குறைந்தும் மற்றோர் அளவு குறையாமலும் இருப்பது எப்படி? மூலக்கூறு அளவில் விளக்கினால் புரிந்துகொள்வேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அம்மாவின் உடலில் வைட்டமின் டி இருப்பு வற்றியிருக்கிறது என்பதையும், அந்த வறட்சியை ஈடுகட்ட அவருடைய பாராதைராய்டு சுரப்பிகளும் சிறுநீரகங்களும் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் அவை ஒரே குரலில் சொல்கின்றன. ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சித்தப்பாவின் மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது, ஊசியும் வேண்டாம், மருத்துவர் எழுதித் தந்த கேப்சூலையே வாரத்துக்கு ஒன்றாகத் தொடருங்கள், அதனுடன் உணவில் கால்சியத்தைக் கூட்டுங்கள். ஏன் என்பதற்கு, நீங்கள் கேட்டபடியே, சற்று உள்ளே போக வேண்டியிருக்கிறது.

வெயிலிலிருந்து தொடங்கலாம். தோலின் செல்களில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையில் அதற்கு ஒரு படி முந்தையது. சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதா பி கதிர் அதன் மீது படும்போது, அதன் நான்கு வளையங்களில் ஒன்று அறுந்து, முன்வைட்டமின் டி3 உண்டாகிறது. இதற்கு நொதி எதுவும் தேவையில்லை. பின்னர் உடலின் வெப்பத்திலேயே அது மெல்ல உருமாறி வைட்டமின் டி3 ஆகிறது. தொடர்ந்து வெயில் பட்டுக்கொண்டே இருந்தால், உருவான முன்வைட்டமின் அதே கதிர்களை ஏற்று லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்னும் பயனற்ற பொருள்களாக மாறிவிடுகிறது. ஆகவே காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புகிறவருக்கு, வெயிலில் இருந்த நேரத்துக்கு ஏற்ப வைட்டமின் பெருகுவதில்லை. குறிப்பிட்ட எல்லையில் அது நின்றுவிடும். வெயிலால் மட்டும் எவருக்கும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். உடலின் முதல் கட்டுப்பாடு தோலிலேயே இருக்கிறது.

பாம்பன் ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் நண்பகல் வெயிலில் இந்தக் கதிருக்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. ஆனால் அது அம்மாவின் தோலில் எவ்வளவு படுகிறது என்பதே கேள்வி. பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையையும் கழுத்தையும் துணியால் கட்டி, பாறை கீறாமலிருக்க விரல்களிலும் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவோ மார்பளவோ நீரில் நின்றும் மூழ்கியும் வேலை செய்வதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உப்பு நீரும் எரிக்கும் வெயிலும் தோலைப் பாழாக்கிவிடும் என்பதால் அப்படிப் போர்த்திக்கொள்வது சரியான வழக்கம்தான். எஞ்சித் திறந்திருப்பது முகத்தின் ஒரு பகுதி. அதிலும் நம் தோலின் மெலனின் இதே கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. வயது ஏற ஏறத் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் குறைந்தும் போகிறது. கடலோரத்தில் பிறந்தவருக்கு வைட்டமின் டி குறையாது என்ற நம்பிக்கையை மருத்துவர்கள் சிலரிடமும் கண்டிருக்கிறேன்; வெயில் ஊரில் அடிக்கிறதா என்பதை விட உடலில் படுகிறதா என்பதையே அவர்கள் கேட்க வேண்டும்.

தோலில் உருவான வைட்டமின் டி3-யும் மீனிலிருந்தோ கேப்சூலிலிருந்தோ வந்ததும் கல்லீரலை அடைந்தபின் ஒரே வழியில்தான் செல்கின்றன. அங்கே 25-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி, குறிப்பாக சிஒய்பி2ஆர்1 என்ற மரபணு உருவாக்கும் நொதி, அதன் 25-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அப்படிக் கிடைப்பதே 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. இந்தப் படியில் உடல் பெரிதாகக் கட்டுப்பாடு காட்டுவதில்லை. எவ்வளவு வருகிறதோ பெரும்பாலும் அவ்வளவும் மாற்றப்படும். பிறகு அது வைட்டமின் டி பிணைப்புப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சுற்றுகிறது. இரண்டு மூன்று வாரங்களில்தான் பாதியாகக் குறையும். நீண்ட நாள் தங்குவதாலும், வரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதாலும், ஒருவருடைய இருப்பை அளக்க இதுவே ஏற்ற எண். மி.லி.-க்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு; 11 என்பது தெளிவான குறைவு.

ஆனால் 25-ஹைட்ராக்சி வடிவம் தன்னளவில் செயலற்றதற்கு ஒப்பானது. அதைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றும் இறுதிப் படி சிறுநீரகத்தில் நடக்கிறது என்பதை 1970-இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள். சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளால் அந்த ஹார்மோனை உருவாக்க முடியவில்லை. பிணைப்புப் புரதத்துடன் வடிகட்டியைக் கடந்து வரும் 25-ஹைட்ராக்சி வைட்டமினைச் சிறுநீரோடு போக விடாமல், நுண்குழல் செல்களின் மேற்பரப்பிலுள்ள மெகாலின் என்ற பெரும் புரதம் பிடித்து உள்ளே இழுக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதி, முதல் கார்பனில் இன்னொரு ஹைட்ராக்சிலைச் சேர்க்க, அது 1,25-டைஹைட்ராக்சி வைட்டமின் டி, அதாவது கால்சிட்ரியால், ஆகிறது. இந்த நொதியின் மரபணு சிஒய்பி27பி1. உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் விடை இந்த ஒரு மரபணுவை யார் முடுக்குகிறார்கள், யார் அடக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது.

முடுக்குவது பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகளின் செல்களில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் அயனி வடிவக் கால்சியம் இம்மியளவு குறைந்தாலும் அது உடனே அறிந்து ஹார்மோனை வெளிவிடச் செய்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரக நுண்குழல் செல்லின் ஏற்பியில் அமர்ந்ததும் உள்ளே சுழல் ஏ.எம்.பி. பெருகுகிறது, அது புரதக் கைனேஸ் ஏ-வை விழிக்கச் செய்கிறது, அதன் வழியாக கிரெப் போன்ற புரதங்கள் பாஸ்பேட் ஏற்று டி.என்.ஏ.-வில் அமர, சிஒய்பி27பி1 மரபணு படியெடுக்கப்படுகிறது. அடக்குவது முதலாவதாக எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோன். எலும்பினுள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் பாஸ்பேட் மிகும்போதும் கால்சிட்ரியால் மிகும்போதும் இதைச் சுரக்கின்றன. சிறுநீரகத்தில் குளோத்தோ என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்த ஏற்பியில் இது இணைந்து, பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றுவதோடு 1-ஆல்ஃபா நொதியையும் குறைக்கிறது. இரண்டாவதாக, கால்சிட்ரியாலே தன்னை உருவாக்கும் நொதியை அடக்குகிறது. கால்சியம் மிகுந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் தணிவதால் உற்பத்தி தானாகக் குறையும்.

உயிர்வேதியியல் படித்தவர் என்பதால் ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 1-ஆல்ஃபா நொதி சிறுநீரகத்தில் மட்டுமல்லாமல் நோய் எதிர்ப்புச் செல்கள், தோல், நஞ்சுக்கொடி முதலிய இடங்களிலும் இருக்கிறது. மரபணு எங்கும் ஒன்றே. அப்படியிருக்கப் பாராதைராய்டு ஹார்மோனுக்கும் எஃப்.ஜி.எஃப்.-23-க்கும் சிறுநீரகத்தில் மட்டும் அது பணிவது எப்படி என்ற புதிருக்கு 2017-இல் வெளியான எலி ஆய்வு நல்ல விடை தந்தது. இந்த ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும் டி.என்.ஏ. பகுதிகள் சிஒய்பி27பி1 மரபணுவுக்குள் இல்லை. அருகிலுள்ள வேறு இரண்டு மரபணுக்களின் இன்ட்ரான்களில், அதாவது புரதத்துக்கான குறியீடு இல்லாத இடைப்பகுதிகளில், இருக்கின்றன, சிறுநீரகச் செல்களில்தான் அவை செயல்படும் நிலையில் உள்ளன. அந்தப் பகுதிகளை நீக்கிய எலிகளில் சிறுநீரகத்தின் உற்பத்தி சரிந்தது. மற்ற இடங்களில் நொதி வழக்கம்போல் இருந்தது.

உருவாக்குவது எவ்வளவு முக்கியமோ அழிப்பதும் அவ்வளவு முக்கியம். அந்த வேலையைச் செய்வது சிஒய்பி24ஏ1 மரபணுவின் 24-ஹைட்ராக்சிலேஸ் நொதி. இது கால்சிட்ரியாலையும் தாக்கும், அதன் மூலப்பொருளான 25-ஹைட்ராக்சி வடிவத்தையும் தாக்கும்; பக்கச் சங்கிலியைப் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் செய்து, கடைசியில் நீரில் கரைந்து வெளியேறும் கால்சிட்ராயிக் அமிலமாக்கிவிடும். கால்சிட்ரியால் தூண்டும் மரபணுக்களிலேயே மிக வலுவாகத் தூண்டப்படுபவற்றில் இதுவும் ஒன்று. நம் மாவட்டத்துக் கண்மாய்களில் நீர் மட்டம் ஏறியதும் கலுங்கு வழியே மிகை நீர் தானே வெளியேறுவது போல, ஹார்மோன் உயர்ந்தவுடன் அதை அழிக்கும் நொதியும் அந்தந்தச் செல்லிலேயே பெருகுகிறது. எஃப்.ஜி.எஃப்.-23 இந்த நொதியைக் கூட்டும். பாராதைராய்டு ஹார்மோன் சிறுநீரகத்தில் இதைக் குறைக்கும். ஒரே சமிக்ஞை உற்பத்தியைக் கூட்டி அழிவையும் தடுப்பதால், அம்மாவைப் போன்றவரின் சிறுநீரகம் கையிலிருக்கும் சொற்பத்தையும் வீணாக்காமல் ஹார்மோனாக்குகிறது.

இந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1950-களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் வைட்டமின் டி தாராளமாகச் சேர்க்கப்பட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் நலமாக இருக்கச் சில குழந்தைகளுக்கு மட்டும் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. அதே வகை நோயுள்ள குழந்தைகள் சிலரிடம் சிஒய்பி24ஏ1 மரபணுப் பிழை இருப்பது 2011-இல்தான் தெரியவந்தது. எல்லோருக்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாமைக்கு இது ஒரு காரணம். 1998-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, அமெரிக்காவின் தென்பகுதியில் வாழும் இந்தியர்களின் தோல் செல்களில் 24-ஹைட்ராக்சிலேஸ் வெள்ளையர்களைவிடக் கூடுதலாகச் செயல்படுவதாகக் காட்டியது. அந்த ஒன்றை வைத்து நம் எல்லோரையும் பற்றி முடிவு கட்ட நான் விரும்பவில்லை. எனினும் வரத்தை மட்டும் பார்த்துச் செலவை மறந்துவிடக் கூடாது என்பதற்கு அது பயனுள்ள நினைவூட்டல்.

கால்சிட்ரியால் செல்லுக்குள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உட்கருவில் வைட்டமின் டி ஏற்பி என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு வடிவம் மாறி, ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பியுடன் இணைந்து, டி.என்.ஏ.-வில் மூன்று கார இடைவெளியுடன் அமைந்த இரட்டை அறுகார வரிசைகளில் அமர்கிறது. சிறுகுடலில் இதன் விளைவாக டி.ஆர்.பி.வி.6 என்ற கால்சிய வாயிலும், செல்லுக்குள் கால்சியத்தைச் சுமந்து செல்லும் கால்பின்டினும் பெருகுகின்றன. வைட்டமின் டி இல்லாத நிலையில் உண்ணும் கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே உட்கிரகிக்கப்படும். போதிய அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை போகும். பாராதைராய்டு சுரப்பியிலோ இதே ஏற்பி எதிர்த்திசையில் செயல்பட்டு, அந்த ஹார்மோனின் மரபணுவை அடக்குகிறது.

இப்போது அம்மாவின் எண்களை மீண்டும் பாருங்கள். கால்சியம் 8.9 என்பது இயல்பு வரம்புக்குள்ளேயே கீழ்ப்பாதி. அதை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பதற்குப் பாராதைராய்டு ஹார்மோன் வழக்கமான மேல் எல்லையான 65-ஐத் தாண்டி 96 வரை ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஹார்மோன் பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளுவதால் பாஸ்பரஸ் 2.6 என்று கீழ் எல்லைக்கு அருகே இறங்கியிருக்கிறது. பாஸ்பேட் குறைந்ததால் எஃப்.ஜி.எஃப்.-23-இன் அடக்குமுறையும் தளர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 1-ஆல்ஃபா நொதியை முழு வீச்சில் ஓட்டுகின்றன; சிறுநீரகம் நலமாக இருப்பதால், கிரியாட்டினின் 0.8 என்பது அதைத்தான் சொல்கிறது, அது தன் பங்கைச் செய்கிறது. மூலப்பொருள் 11 நானோகிராம்தானே என்று கேட்பீர்கள். 11 நானோகிராம் என்றால் 11,000 பிகோகிராம். உருவாகும் ஹார்மோனோ 58 பிகோகிராம். குறைந்து போன நிலையிலும் மூலப்பொருள் ஏறத்தாழ 190 மடங்கு இருக்கிறது. ஆகவே பற்றாக்குறை மிகக் கடுமையாகும் வரை 1,25 வடிவத்தின் அளவு கீழே வராது. சில சமயம் உயர்ந்தும் இருக்கும். சில மணி நேரமே இரத்தத்தில் தங்கும் அந்த ஹார்மோனை அளந்து ஒருவரின் வைட்டமின் டி இருப்பை மதிப்பிடுவது தவறு. இந்தப் பரிசோதனைக்கு நீங்கள் கொடுத்த பணம் வீண் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

ஹார்மோன் குறையவில்லை என்றால் வலி ஏன் என்பது அடுத்த கேள்வி. பாராதைராய்டு ஹார்மோனும் உயர்ந்த கால்சிட்ரியாலும் சேர்ந்து இரத்தக் கால்சியத்தைக் காப்பது எலும்பைக் கரைத்துத்தான். அதோடு பாஸ்பேட்டும் சரிவதால் புதிதாக உருவாகும் எலும்புத் தளத்தில் தாது சரியாகப் படிவதில்லை. தொடை வலியும், கையை ஊன்றி எழுவதும், வத்தையில் ஏற முடியாமையும் ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மைக்கும், அதனுடன் வரும் தொடை, இடுப்புத் தசைத் தளர்ச்சிக்கும் பொருந்துகின்றன. கடிதத்தை வைத்து நான் உறுதி சொல்ல இயலாது. இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு மென்மையில் உயரும் நொதி) அளவையும், வலி ஓரிடத்தில் குத்திட்டு நின்றால் அவ்விடத்து எக்ஸ்-ரேயையும் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இங்கே, பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கால்சியம் குறைவான உணவே வைட்டமின் டி இருப்பைக் கரைக்கும். கால்சியம் மறுக்கப்பட்ட எலிகளில் 25-ஹைட்ராக்சி வடிவம் வழக்கத்தை விட விரைவாக அழிவதை 1987-இல் ஓர் ஆய்வு காட்டியது: கால்சியக் குறைவால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறுகிறது, அதனால் கால்சிட்ரியால் ஏறுகிறது, ஏறிய கால்சிட்ரியால் 25-ஹைட்ராக்சி வடிவத்தைச் சிதைக்கும் பாதைகளைத் தூண்டுகிறது. வரவும் குறைந்து செலவும் கூடினால் 11-இல் வந்து நிற்பதில் வியப்பில்லை. விடியுமுன் கஞ்சியோ பழைய சோறோ குடித்துவிட்டுக் கிளம்பி, திரும்பியதும் சோறும் முள் நீக்கிய மீனும் உண்டு, பால் என்றால் தேநீரில் விடும் அளவோடு சரி என்று இருப்பவருக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 600 யூனிட் வைட்டமின் டி-யும் ஆகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கால்சியம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த வழி எதுவும் தேவையில்லை. நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு உண்டால் அந்த முள்ளே கால்சியம். சாளை, சூடை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் வைட்டமின் டி-யும் ஓரளவு இருக்கிறது, ஆனால் 11-ஐ 20 ஆக்கும் அளவுக்கு இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மாவைப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சுவது நல்லது. மோர், எள், முருங்கைக்கீரை எல்லாம் உதவும். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதை இதற்காகக் கூட்ட வேண்டாம். இந்தப் பத்தியில் சொன்ன எதையும் சித்தப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். சிறுநீரக நோயாளிக்குப் பாஸ்பரஸ் கணக்கே வேறு.

அவருடைய நிலைமை அம்மாவுக்கு நேர் எதிரானது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போதே எஃப்.ஜி.எஃப்.-23 ஏறுகிறது; குறைந்து கொண்டிருக்கும் நுண்குழல்களைக் கொண்டு பாஸ்பேட்டை வெளியேற்ற உடல் செய்யும் முயற்சி அது. ஆனால் அதே ஹார்மோன் 1-ஆல்ஃபா நொதியை அடக்கி, 24-ஹைட்ராக்சிலேஸைக் கூட்டிவிடுகிறது. நோய் முற்றும்போது உற்பத்தி செய்ய வேண்டிய திசுவே குறைந்துவிடுகிறது. விளைவு, எவ்வளவு மூலப்பொருள் கொடுத்தாலும் போதிய கால்சிட்ரியால் உருவாவதில்லை. பாராதைராய்டு சுரப்பி கட்டவிழ்ந்து பெருக்கிறது. ஆகவேதான் அவருக்குச் சிறுநீரகப் படியைத் தாண்டி, முடிந்த பொருளையே, மைக்ரோகிராமின் கால் பங்கு என்ற நுண்ணிய அளவில், கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அடிக்கடி அளந்துகொண்டே கொடுக்கிறார்கள். அவருக்கும் சாதாரண வைட்டமின் டி தேவைப்படலாம். அதைச் சிறுநீரக மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதே மாத்திரையை அம்மாவுக்குக் கொடுத்தால், ஏற்கெனவே மேல் எல்லையை ஒட்டி நிற்கும் ஹார்மோனை வெளியிலிருந்து மேலும் ஏற்றுகிறீர்கள். மாத்திரையாக வரும் கால்சிட்ரியாலின் மீது 1-ஆல்ஃபா நொதியின் கட்டுப்பாடு எதுவும் செல்லாது. அழிக்கும் நொதி ஒன்றே எஞ்சிய காவல். கால்சியம் இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகுந்து வாந்தி, மலச்சிக்கல், அதிகத் தாகம், சிறுநீரகக் கல் என்று போகலாம். இவ்வளவுக்கும் பிறகு 25-ஹைட்ராக்சி இருப்பு உயராது; தூண்டப்பட்ட 24-ஹைட்ராக்சிலேஸ் இருப்பதையும் கரைக்கும். அம்மாவுக்கு வேண்டியது மூலப்பொருள். அதைக் கொடுத்தால் எவ்வளவை ஹார்மோனாக்குவது என்பதை அவருடைய சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.

அத்தை சொன்ன ஊசிக்கு வருகிறேன். 6 லட்சம் யூனிட் என்பது 15 மில்லிகிராம். நாளொன்றுக்கு 600 யூனிட் என்ற கணக்கில் 1,000 நாள்களின் தேவை. எட்டு கேப்சூல்களைக் கூட்டினாலும் 4,80,000 யூனிட் வருகிறதே, பெரிய வேறுபாடு என்ன என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். கேப்சூலை நான்காவது வாரத்தில் நிறுத்த முடியும், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மேலும், ஒரே நேரத்தில் வெள்ளமாக வரும் வைட்டமினுக்கு உடல் 24-ஹைட்ராக்சிலேஸையும் எஃப்.ஜி.எஃப்.-23-ஐயும் ஏற்றித்தான் பதில் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகப் பெற்றவர்கள், எதிர்பார்த்ததற்கு மாறாக, அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக எலும்பை முறித்துக்கொண்டார்கள் என்று 2010-இல் முடிவு வெளியானது. வத்தையிலும் வழுக்குப் பாறையிலும் கால் வைக்க வேண்டியவருக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலைச்சல்தான் தடை என்றால், எட்டு கேப்சூலையும் ஒரே முறையில் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கொழுப்புள்ள உணவோடு அது நன்றாக உட்கிரகிக்கப்படும். வாரம் ஒன்று என எழுதியதைத் தினம் ஒன்று எனப் புரிந்துகொண்டு கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. பொறுப்பை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை சில உள்ளன. அம்மாவுக்குக் காசநோய் இருந்ததா, இப்போது இருமலோ காய்ச்சலோ உண்டா என்பது முதன்மையானது. காசநோய்க் கட்டிகளிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்களிலும் 1-ஆல்ஃபா நொதி இருக்கிறது. நான் முன்பு சொன்ன சிறுநீரகக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு அங்கே வேலையில்லை. அதை இன்டர்ஃபெரான்-காமா என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் ஓட்டுகிறது. கால்சியம் ஏறினாலும் பாராதைராய்டு தணிந்தாலும் அது நிற்பதில்லை. அத்தகையவருக்கு மூலப்பொருளை அள்ளிக் கொடுத்தால் கால்சியம் எகிறும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை கல்லீரலில் வைட்டமின் டி-யை அழிக்கும் நொதிகளைத் தூண்டும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு அளவு மாறும். வயிற்றெரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வந்தால் மக்னீசியத்தையும் ஒரு முறை பார்க்கலாம். அது மிகக் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது, வைட்டமின் டி நொதிகளும் சுணங்கும்.

எட்டு வாரம் முடிந்ததும் உடனே பரிசோதிக்க ஓட வேண்டாம். 25-ஹைட்ராக்சி வடிவம் புதிய நிலையில் அமர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து 25-ஹைட்ராக்சி, கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகிய ஐந்தையும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். முதல் எண் 20-ஐத் தாண்டிப் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கத் தொடங்கியிருந்தால் வழி சரி. அதன்பின் சிறிய பராமரிப்பு அளவு எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 25-ஹைட்ராக்சி அளவு உயர்ந்தும் பாராதைராய்டு ஹார்மோன் இறங்காமல் கால்சியம் மேலே போகுமானால், சுரப்பியிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். எலும்பு மென்மைதான் காரணமாக இருந்தால் தசை பலம் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். எலும்பு வலி தணிய மாதங்கள் ஆகலாம். அதுவரை பாசி மூட்டையை அம்மா ஒருவராகத் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1,25 பரிசோதனையை மீண்டும் எடுக்க வேண்டாம்.